மால்டோவா: நடுநிலை நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர முடியுமா?

கேள்வி: மால்டோவாவின் 1994 அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு நிரந்தர நடுநிலை என்கிறது. அப்படியிருக்க, 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் வேட்பாளர் தகுதி எப்படிக் கிடைத்தது?

பதில் 1: ராணுவக் கூட்டணியான நேட்டோ வேறு, ஒன்றியம் வேறு. ஆஸ்திரியா, அயர்லாந்து, மால்டா மூன்றும் நடுநிலை நாடுகள்தான், உறுப்பினர்களும்கூட. அதே 11ஆம் பிரிவு அந்நியப் படைகளையும் அனுமதிப்பதில்லை. ஆனால் மால்டோவாவிலிருந்து பிரிந்து நிற்கும் டிரான்ஸ்னிஸ்ட்ரியா பகுதியில் ரஷ்யப் படை இன்னும் இருக்கிறது! 2002க்குள் விலகுவதாக 1999 இஸ்தான்புல் மாநாட்டில் ரஷ்யா ஒப்புக்கொண்டது. அங்குள்ள கோபாஸ்னா வெடிமருந்துக் கிடங்கைக் காரணம் காட்டியே காலம் தள்ளுகிறது.

பதில் 2: ரஷ்யாவின் பிடி படையில் மட்டுமா? மின்சாரத்தை மறந்துவிட்டீர்களே. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு தந்த குச்சுர்கான் மின் நிலையம் டிரான்ஸ்னிஸ்ட்ரியாவில்தான் இருக்கிறது, ரஷ்ய எரிவாயுவில் ஓடியது. 2025 ஜனவரி 1 அன்று உக்ரைன் வழி எரிவாயு நின்றதும் தலைநகர் கிஷினாவில் உள்ள அரசு ருமேனியாவிடம் மின்சாரம் வாங்கிச் சமாளித்தது. டிரான்ஸ்னிஸ்ட்ரியாவில்தான் வீடுகள் குளிரில் விறைத்தன.