கிரெபஸ்குலர்: அந்தியாடியா, கருக்கலாடியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இரவில் இயங்கும் விலங்குக்கு இரவாடி, பகலில் இயங்குவதற்குப் பகலாடி: இரண்டு சொற்களும் நன்றாகவே வேரூன்றிவிட்டன. இடைப்பட்ட, விடியல், மாலை என இரு மங்கல் பொழுதுகளிலும் இயங்கும் 'கிரெபஸ்குலர்' விலங்குகளை 'அந்தியாடி' எனலாம் என்று முன்மொழிந்திருக்கிறீர்கள். ஓசை நன்று, எனக்கு உடன்பாடில்லை. காட்டு முயல் பொழுது சாய்ந்ததும் மேயக் கிளம்புகிறது, விடியுமுன் மறுபடி நடமாடுகிறது. அந்தி என்றால் இன்றைய வாசகர் மாலையைத்தான் நினைப்பார். 'அந்திசந்தி' என்ற வழக்கை ஒருவர் எடுத்துக்காட்டினார். அங்கேயும் காலையைச் சொல்லச் சந்தி துணைக்கு வர வேண்டியிருக்கிறதே!

லத்தீனில் 'கிரெபர்' என்றால் மங்கலானது, ஐயத்துக்கு இடமானது. அதிலிருந்து 'கிரெபஸ்குலும்'. இது பழைய இத்தாலியின் சபைன் மக்களிடமிருந்து ரோமானியர் எடுத்துக்கொண்ட சொல் என்கிறார் பண்டைய ரோமானிய அறிஞர் வர்ரோ. சபைன்களின் அமிட்டெர்னும் ஊரில் அந்த மங்கல் பொழுதில் பிறந்தவர்களுக்கு 'கிரெபஸ்கி' என்றே பெயராம், முதல் வெளிச்சத்தில் பிறந்தவன் லூகியுஸ் ஆனதுபோல. ஆனால் அங்கும் கிரெபஸ்குலும் பெரும்பாலும் மாலை மங்கல்தான். விடியலுக்கு 'திலூகுலும்' தனியே இருந்தது. இரு பொழுதுக்கும் சேர்த்து அதை நீட்டிக்கொண்டது பிற்கால வழக்கு. 'அப்படியானால் அந்தியையும் நீட்டலாமே' என்பீர்கள். நீட்டத் தேவையில்லாத சொல் கையில் இருக்கும்போது எதற்கு?

கருக்கல். 'கருக்கலில் எழுந்து வயலுக்குப் போனார்' என்கிறோம். 'கருக்கலுக்குள் வீடு வந்து சேர்' என்றும் சொல்கிறோம். இரு முனைக்கும் ஒரே சொல். பொருளும் கிரெபர் சொல்லும் அதே மங்கல். (ஓசையைப் பிடித்துக்கொண்டு இரண்டும் ஒரே வேர் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.) ஆகவே கருக்கலாடி.

அந்திக்கும் வேலை இருக்கிறது. மாலையில் மட்டும் இயங்குவதை 'வெஸ்பர்டைன்' என்கிறார்கள்; வெஸ்பர் என்றால் மாலை, லத்தீனில் வௌவாலுக்கே வெஸ்பர்டிலியோ என்று பெயர். மாலையில் பூக்கும் அந்திமந்தாரை நமக்கு வழிகாட்டுகிறது: அந்தியாடியை இதற்கு வைத்துக்கொள்வோம். விடியல் தேவதை மாட்டூட்டாவின் பெயர் வழியாக வரும், விடியலில் மட்டும் இயங்குவதைச் சொல்லும் 'மட்டூட்டினல்' வைகறையாடி ஆகட்டும்.

ஒன்றுதான் இடிக்கிறது. கதிரவன் தாழ இருக்கையில் மேக இடுக்கு வழியே விசிறிபோல் விரியும் ஒளிக்கற்றைகளுக்கும் ஆங்கிலத்தில் 'கிரெபஸ்குலர்' என்ற இதே அடைமொழிதான். அவ்வளவு வெளிச்சத்தைக் 'கருக்கற்கதிர்' என்று எழுதக் கை வரவில்லை. அங்கே மட்டும் 'அந்திக்கதிர்' என்று விட்டுவிடலாமா? இயற்பியல் நண்பர்கள் சொல்லுங்கள்.