கான்டெக்ஸ்டுக்கு ‘வினையமைவு’ என்று வைக்கலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நிரலகத்தின் (லைப்ரரி) கையேட்டை நாம் தமிழாக்கும்போது, அதில் வரும் பொதுச்சாவி கான்டெக்ஸ்டுக்கு, அதாவது ஒரு சாவியைக் கொண்டு செய்யும் வேலைக்கான விவரங்களை வைத்திருக்கும் அமைப்புக்கு, ‘சூழல்’ என்று வைக்கலாம் என ஐயா எழுதியிருந்தார். பழகிய சொல்தான். ஆனால் 2021இல் வந்த 3.0 பதிப்பில் நிரலகத்துக்கே ஒரு கான்டெக்ஸ்ட் இருக்கிறது. மறையாக்க முறைகளைத் தரும் வழங்குநர் (புரொவைடர்) கூறுகளில் எவையெவை ஏற்றப்பட்டிருக்கின்றன என்பதை அதுதான் வைத்திருக்கிறது. அதைக் கொடுத்துப் பொதுச்சாவி கான்டெக்ஸ்டை உருவாக்கும் செயற்கூறும் (ஃபங்ஷன்) உண்டு. இரண்டும் சூழல் என்றால் ‘சூழலைக் கொண்டு சூழலை உருவாக்குக’ என்றல்லவா எழுத நேரும்?

இன்னொன்று. நான் சொல்லிக்கொடுத்த மாணவி ஒருத்தி, ஒரு நிரலில் ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு இழைகளுக்கும் (த்ரெட்) ஒரே பொதுச்சாவி கான்டெக்ஸ்டைக் கொடுத்திருந்தாள். கேட்டபோது, “சூழல் என்றால் எல்லாருக்கும் பொதுதானே, அண்ணா?” என்றாள். ஒன்றையே இரண்டு இழைகள் ஒரே நேரத்தில் பயன்படுத்தக் கூடாது என்று கையேடு கண்டிப்பாகச் சொல்கிறது. பிழை அவளுடையதன்று, சொல்லினுடையது.

சூழல் நம்மைச் சுற்றி இருப்பது. இதுவோ ஒரு வேலைக்கென்று கையில் ஆயத்தம் செய்துகொள்வது. பாம்பனில் இப்போது மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுகள் கரையோரம் நிற்கின்றன; சித்தப்பா வாசலில் அமர்ந்து கிழிந்த வலையைச் சீர் செய்கிறார். முதலில் ஊசியில் நைலான் நூலை ஏற்றுகிறார். கிழியாத கண் ஒன்றில் விரலை விட்டு அளவு பார்க்கிறார். அதற்குப் பிறகே முதல் முடிச்சு. நூற்கண்டு பொது, நான்கு பேர் நான்கு ஊசி ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றிய ஓர் ஊசியால் இருவர் முடிச்சுப் போட முடியாது.

சாவிதான் அந்த நூற்கண்டு. ஏற்றிய ஊசி கான்டெக்ஸ்ட். கையொப்பமா, மறையாக்கமா என்று வினையை முதலில் தொடங்க வேண்டும். ஆர்எஸ்ஏ வகைச் சாவி என்றால் நிரப்பல் (பேடிங்) முறையை அதன் பிறகுதான் குறிக்க முடியும். ஆகவே ‘வினையமைவு’ என்கிறேன். ‘வினைக்களம்’ என்றும் எண்ணிப் பார்த்தேன்; களம் ஏற்கெனவே டொமைனுக்குப் போய்விட்டது.

வரைவில் கான்டெக்ஸ்டோடு வரும் வினைச்சொற்களில் ‘உருவாக்கு’, ‘படியெடு’ இரண்டும் சரி. சாவி பிறப்பிக்கும் வினையைத் தொடங்கிவிட்டால் படியெடுக்க இயலாது, தொடங்கும் முன் இயலும். பெயரிலேயே வினை இருப்பதால் இந்த விதி எளிதில் விளங்கும். வரைவில் உள்ள ‘அழி’யை மட்டும் மாற்றிவிட வேண்டுகிறேன். வினையமைவு போனாலும் சாவி போவதில்லை, அதன்மேல் இருந்த ஒரு பிடி (ரெஃபரன்ஸ்) விடுகிறது, அவ்வளவுதான். ‘விடுவி’ என்பதே பொருத்தம்.

நிரலகத்துக்கு உரியதை ஐயாவின் சொல்லாலேயே ‘நிரலகச் சூழல்’ என்போம். அங்கே அது நன்றாகப் பொருந்துகிறது. எனக்குத் தயக்கம் ‘பொதுச்சாவி’ என்ற முன்னடையில்தான். கையொப்பமிடும்போது உள்ளே இருப்பது தனிச்சாவி (பிரைவேட் கீ) அல்லவா? ‘சாவி வினையமைவு’ என்றால் போதுமா? சொல்லுங்கள்.