காதணி விழாப் பத்திரிகையும் கோப்பின் கடைசி எழுத்துகளும்

மேலூர்ப் பெரியப்பா (காலை 9:10): அனைவருக்கும் வணக்கம். பேத்தியின் காதணி விழாப் பத்திரிகையை அச்சகத்தார் மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறார்கள். கோப்பின் பெயர் சிடிஆர் என்று முடிகிறது. மடிக்கணினியில் சொடுக்கினால், இதை எந்தச் செயலியில் திறப்பது என்று அது என்னையே கேட்கிறது. கைபேசியோ திறக்கவே மறுக்கிறது. பெயரின் முடிவைப் பிடிஎஃப் என்று மாற்றிப் பார்த்தேன். சின்னம் உடனே சிவப்பு நிறப் பிடிஎஃப் சின்னமாகிவிட்டது, திறந்தால் மட்டும் கோப்பு பழுதடைந்துள்ளது என்கிறது. சின்னம் மாறியபோது உள்ளிருப்பது ஏன் மாறவில்லை என்பதைச் செல்லூர்த் தம்பி விளக்க வேண்டும்.

செல்லூர் அண்ணன் (காலை 9:24): பெரியப்பா, கோப்பு பழுதடையவில்லை. பெயரை மறுபடி சிடிஆர் என்று மாற்றினால் போதும். விண்டோஸ் ஒரு கோப்பின் உள்ளே எட்டிப் பார்த்து அதன் வகையை முடிவு செய்வதில்லை. பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் உள்ள எழுத்துகளை, அதாவது எக்ஸ்டென்ஷனை எடுத்துக்கொண்டு, ரெஜிஸ்ட்ரி என்ற தன் பதிவேட்டில் தேடுகிறது. அங்கே அந்த எழுத்துகளுக்கு நேராக ஒரு வகைப்பெயர் இருக்கும். அந்த வகைப்பெயரின் கீழே, காட்ட வேண்டிய சின்னம் எது, திறக்கச் சொன்னால் இயக்க வேண்டிய நிரல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது ஆகிய விவரங்கள் இருக்கும். சிடிஆர் கோப்புகளை உருவாக்கும் வரைகலை நிரலான கோரல்டிராவை நிறுவியிருந்தால் அதுவே சிடிஆருக்கான விவரங்களை அங்கே எழுதிவைத்திருக்கும். உங்கள் கணினியில் அது இல்லை, அதனால்தான் விண்டோஸ் உங்களிடம் கேட்டது. பிடிஎஃப் என்று பெயர் மாறியதும், பிடிஎஃப் திறக்கும் நிரலை எழுப்பிக் கோப்பை அதனிடம் ஒப்படைத்துவிட்டது. உள்ளே பார்த்தது அந்த நிரல்தான். பிடிஎஃப் கோப்பு என்றால் தொடக்கத்தில் ஒரு சதவீதக் குறியும் அதையடுத்துப் பி, டி, எஃப் என்ற எழுத்துகளும் இருக்கும். அவற்றைக் காணாததால் பழுது என்று சொல்லிவிட்டது.

உசிலம்பட்டி அத்தை (காலை 9:31): மாட்டுத்தாவணி போகிற பேருந்தில் திருப்பரங்குன்றம் என்று பலகை மாட்டினால், ஏறுகிற கூட்டம் மாறுமே தவிர, பேருந்து போகிற இடம் மாறாது என்கிறாய். சரிதானே மருமகனே?

செல்லூர் அண்ணன் (காலை 9:33): அதேதான் அத்தை. கோப்பை எனக்கு அனுப்புங்கள் பெரியப்பா. என் கடையில் கோரல்டிராவில் திறந்து, எழுத்துகளைக் கர்வாக, அதாவது வெறும் கோட்டு வடிவங்களாக மாற்றி, உண்மையான பிடிஎஃப் ஆக்கித் தருகிறேன். சிடிஆர் கோப்பையும் அழித்துவிடாதீர்கள். பத்திரிகையில் திருத்தம் வந்தால் அச்சகத்துக்கு அதுதான் தேவைப்படும்.

பழங்காநத்தம் சித்தி (காலை 9:47): எங்கள் வீட்டில் இதற்கு நேர்மாறான தொல்லை. ரசீது, காப்பீட்டுப் பத்திரம் என்று எந்தப் பிடிஎஃப்பைத் தொட்டாலும் நோட்பேடில் திறந்து, புரியாத குறிகளாகக் கொட்டுகிறது. எப்போதும் இதிலேயே திற என்பதைப் பேரன் அழுத்திவிட்டான் போலிருக்கிறது. அத்தனை கோப்புகளும் கெட்டுப்போய்விட்டனவா?

செல்லூர் அண்ணன் (காலை 9:58): ஒன்றும் கெடவில்லை சித்தி, நோட்பேடில் சேமி என்பதை மட்டும் யாரும் அழுத்தாதிருந்தால் சரி, அழுத்தினால் கோப்பு உண்மையாகவே கெட்டுவிடும். ஏதேனும் ஒரு பிடிஎஃப்பின் மேல் வலப்பொத்தானை அழுத்தி, ஓப்பன் வித் என்பதில் சூஸ் அனதர் ஆப் என்பதைத் தேர்ந்து, பழைய நிரலைக் காட்டி, ஆல்வேஸ் என்று கொடுங்கள். ஒரு கோப்புக்குச் செய்தால் எல்லாப் பிடிஎஃப்புக்கும் பொருந்தும். பதிவேட்டில் கணினி முழுமைக்கும் பொதுவான பகுதி ஒன்றும், ஒவ்வொரு பயனருக்கும் தனிப் பகுதி ஒன்றும் உண்டு. இரண்டும் முரண்பட்டால் பயனருடையதே செல்லும். ஆகவே பேரனுக்குத் தனிக் கணக்கு அமைத்துக் கொடுத்தால், அவன் எதை அழுத்தினாலும் உங்கள் பக்கம் வராது. ஒரு காலத்தில் நிரல்களும் பேரனைப் போலத்தான் நடந்துகொண்டன. ஒரு வீடியோ பிளேயரை நிறுவினால் வீட்டிலுள்ள பாட்டு, படம் எல்லாவற்றையும் கேட்காமலே தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளும். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், பயனரின் தேர்வோடு ஒரு சரிபார்ப்புக் குறியீட்டையும் சேர்த்து எழுதுகிறார்கள். ஒரு நிரல் தானாகவே தேர்வை மாற்றி, குறியீடு பொருந்தாவிட்டால் அந்தத் தேர்வை விண்டோஸ் ஏற்பதில்லை.

கோவைத் தங்கை (காலை 10:15): அண்ணா, பெயரை மட்டும் நம்புவது விண்டோஸின் வழக்கம். என் அலுவலகத்தில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளம். அங்கே பெயரோடு, தேவைப்பட்டால் கோப்பின் தொடக்க எழுத்துகளையும் பார்த்து வகையை முடிவு செய்கிறார்கள். பிஎன்ஜி படம், ஜிப் என்ற சுருக்கிக் கட்டிய கோப்பு என்று பல வகைகளுக்கு அப்படி ஓர் அடையாளம் உண்டு. ஜிப் கோப்பு பிகே என்று தொடங்கும். அந்த முறையை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள் அவை. வேர்டின் டாக்எக்ஸ் கோப்பும் உள்ளே ஒரு ஜிப்தான் என்பதால் அதுவும் பிகே என்றே தொடங்கும். வகை தெரிந்ததும் அதற்கு 'அப்ளிகேஷன்/பிடிஎஃப்' என்பது போன்ற ஒரு பெயர் கிடைக்கும். இந்தப் பெயர்முறை 1992இல் மின்னஞ்சல் இணைப்புகளுக்காக வகுக்கப்பட்டது. எந்த வகைகளைத் திறக்க முடியும் என்று ஒவ்வொரு நிரலும் ஒரு சிறு கோப்பில் அறிவித்திருக்கும். நம் விருப்பம் தனியே ஒரு பட்டியலில் இருக்கும். 1984இல் வந்த மெக்கின்டாஷ் இன்னும் ஒரு படி மேலே போய், வகைக்கு நான்கு எழுத்து, உருவாக்கிய நிரலுக்கு நான்கு எழுத்து என்று கோப்போடு தனியாகவே எழுதி வைத்தது. பெயரை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அதுவே முறையான வழி என்பது என் எண்ணம்.

செல்லூர் அண்ணன் (காலை 10:29): முறையானதுதான், ஆனால் கடை வைத்திருப்பவனுக்கு அது போதாது. அந்த எட்டு எழுத்துகள் கோப்பின் பெயரிலும் இல்லை, உள்ளடக்கத்திலும் இல்லை. மெக்கின்டாஷ் வட்டிலிருந்து வேறு கணினிக்கு நகலெடுத்தால் அவை வழியிலேயே உதிர்ந்துவிடும். என்னிடம் வருகிற பென்டிரைவ்களில் எந்தெந்த ஊர்க் கணினியின் கோப்பெல்லாம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவை அத்தனையிலும் சேதமில்லாமல் வந்து சேர்வது பெயரின் கடைசி எழுத்துகள் மட்டுமே. ஆப்பிளும் பின்னாளில் உருவாக்கிய நிரலுக்கான அந்த நான்கு எழுத்துகளைப் பொருட்படுத்துவதை விட்டுவிட்டது. விண்டோஸ் பெயரை நம்புவதில் எனக்குக் குறையில்லை. நம்புகிற எழுத்துகளை நம் கண்ணுக்குக் காட்டாமல் மறைப்பதுதான் பெருந்தவறு. விண்டோஸ் 95 காலத்திலிருந்து இந்த மறைப்பு தொடர்கிறது. 2000ஆம் ஆண்டு மே மாதம் உலகையே அலைக்கழித்த 'ஐ லவ் யூ' வைரஸ், டிஎக்ஸ்டி.விபிஎஸ் என்று முடியும் பெயரோடுதான் வந்தது. இயங்கும் நிரல் என்று காட்டும் கடைசி விபிஎஸ் மறைந்துவிட்டதால், வெறும் எழுத்துக் கோப்பு என்று எண்ணிப் பலர் திறந்தார்கள். எக்ஸ்ப்ளோரரில் வியூ பகுதிக்குப் போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை எல்லோரும் இன்றே குறியிட்டு வையுங்கள்.

உசிலம்பட்டி அத்தை (காலை 10:36): நான் கைபேசி மட்டும்தானே வைத்திருக்கிறேன். எனக்கு இதெல்லாம் பொருந்துமா?

செல்லூர் அண்ணன் (காலை 10:44): உங்களுக்குத்தான் அதிகம் பொருந்தும் அத்தை. ஆண்ட்ராய்டில் கோப்பைத் தொட்டால், அந்த வகையைத் திறப்பேன் என்று அறிவித்துள்ள செயலிகளைத் தேடி, ஒன்றுக்கு மேல் இருந்தால் இப்போது மட்டுமா, எப்போதுமா என்று கேட்கும். ஏபிகே என்று முடியும் கோப்பைத் தொட்டால் எழுவது புதுச் செயலியை நிறுவுகிற நிரல். திருமண அழைப்பிதழ் என்று பெயரிட்டு ஏபிகே அனுப்பி வங்கிப் பணத்தைத் திருடும் மோசடியைப் பற்றி 2024இல் காவல்துறையினர் எச்சரித்தார்கள். பத்திரிகை என்றால் ஜேபிஜி அல்லது பிடிஎஃப் என்று முடிய வேண்டும். ஏபிகே என்றிருந்தால், அனுப்பியவர் சொந்தத் தாய்மாமனே ஆனாலும் தொடாதீர்கள்.

மேலூர்ப் பெரியப்பா (காலை 11:05): தம்பி அனுப்பிய பிடிஎஃப் கைபேசியிலும் மடிக்கணினியிலும் திறந்தது. உறவினர்களுக்கு அதையே அனுப்புகிறேன்.

பழங்காநத்தம் சித்தி (காலை 11:12): என் கணினியும் சரியாகிவிட்டது. இன்னும் ஓர் ஐயம். துபாயிலிருந்து மகன் ஐபோனில் எடுத்து, டாக்குமென்டாக அனுப்பிய படங்கள் எச்இஐசி என்று முடிகின்றன. போட்டோஸ் நிரல்தான் திறக்கிறது, ஆனால் படம் தெரியவில்லை. இதுவும் பதிவேட்டுக் கோளாறா?

செல்லூர் அண்ணன் (காலை 11:20): இல்லை சித்தி, இங்கே பதிவேடு சரியான நிரலைத்தான் அழைத்திருக்கிறது. அந்த நிரலுக்கு எச்இஐசியைப் படிக்கத் தேவையான துணைப்பகுதி உங்கள் கணினியில் இல்லை. அதை மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து சேர்க்க வேண்டும். ஐபோன்கள் 2017 முதல் இந்த வகையில் படம் எடுக்கின்றன. மகன் தன் ஐபோனின் செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் மோஸ்ட் கம்பாட்டிபிள் என்பதைத் தேர்ந்தால், இனி எடுப்பவை ஜேபிஜியாக வரும். ஏற்கெனவே வந்த எச்இஐசி படங்களை எனக்கு அனுப்புங்கள், மாற்றித் தருகிறேன்.

பழங்காநத்தம் சித்தி (காலை 11:23): அங்கே இன்னும் பத்து மணிகூட ஆகவில்லை. மதிய உணவு வேளையில் அழைத்து, அப்படியே மாற்றிவைக்கச் சொல்கிறேன்.