முகம், பூக்கள், தங்க ரேக்கு: எண்ணெய் வண்ண ஓவியத்தில் எதை முதலில் செய்வது?

கித்தான்காரி:
2×3 அடி கித்தானில் ஒரு பெண்ணின் மார்பளவு உருவப்படம். தலையைச் சுற்றியும் தோளுக்குப் பின்னாலும் தங்க ரேக்கு (மிக மெல்லிய தங்கத் தகடு), முன்னால் டேலியாவும் செம்பருத்தியும், சில இதழ்களின் ஓரத்தில் மெல்லிய தங்கக் கோடு. இதுதான் திட்டம். கித்தானுக்கு அக்ரிலிக் ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) இரண்டு கோட் அடித்தாயிற்று. கையில் நீர் சார்ந்த அக்ரிலிக் ரேக்குப் பசை, 14 செ.மீ. சதுரப் போலி ரேக்கு, தஞ்சாவூர் ஓவியத்துக்கான ரேக்கு கொஞ்சம் இருக்கின்றன.

சோதனைத் துண்டில் மூன்று சிக்கல்கள் தெரிகின்றன. எண்ணெய் வண்ணத்தின் மேல் பசை முத்து முத்தாகத் திரள்கிறது. பசை இல்லாத இடத்திலும் ரேக்கு ஒட்டிக்கொள்கிறது. ரேக்கின் மேல் தீட்டிய வண்ணம் நகம் பட்டாலே உரிகிறது. படத்தை முடித்துவிட்டு ஒட்டுவதா, ஒட்டிவிட்டு வரைவதா?

ரேக்குவேலை:
வரிசையைத் தீர்மானிப்பது பசைதான். நீர் சார்ந்த அக்ரிலிக் பசையை ஜெஸ்ஸோவின் மேல் பூசலாம், எண்ணெய் வண்ணத்தின் மேல் கூடாது. எண்ணெய்ப் பரப்பு நீரை ஏற்காது. திரளாமல் பரவினாலும் நாளாவட்டத்தில் படலமாகக் கழன்று வரும். ஆகவே பின்னணித் தங்கம் முதலில், முகமும் பூக்களும் அதற்குப் பிறகு. இதழோரக் கோடுகள் மட்டும் கடைசியில், அதுவும் எண்ணெய்ப் பசையில்.

இரண்டு கோட் ஜெஸ்ஸோ போதாது. அசல் தங்க ரேக்கின் கனம் ஒரு மைக்ரானில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான், அதனால் கித்தானின் ஒவ்வொரு இழையும் அதில் தெரியும். இன்னும் மூன்று கோட் அடியுங்கள். ஒவ்வொன்றும் காய்ந்ததும் 220 உப்புத்தாள், கடைசியில் 400. அதன் மேல் தங்கம் வரும் இடத்தில் மட்டும் மஞ்சள் ஓக்கர் அல்லது செங்காவி அக்ரிலிக். ஓக்கர் ரேக்கின் விரிசல்களை மறைக்கும், செங்காவி அவற்றின் வழியே சூடாக எட்டிப் பார்க்கும். முகத்துக்குப் பக்கத்தில் செங்காவியே எனக்குப் பிடிக்கும்.

பசையை மெல்லியதாக, ஒரே சீராகப் பூசுங்கள். பால் நிறம் மாறித் தெளிந்ததும், பொதுவாக 15–20 நிமிடத்தில், தயார். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். பழக்கம் இல்லாதவர்களுக்குத் தனி ரேக்கைவிட மெல்லிய தாளில் பதித்து வரும் ரேக்கு நல்லது. கணக்கு இது: அசல் ரேக்கு சுமார் 80 மி.மீ. சதுரம். ஒன்றின் மேல் ஒன்று ஏறும் 5 மி.மீ. போனால் ஒன்றுக்கு 56 ச.செ.மீ. தேறும். உங்கள் பின்னணி 40×50 செ.மீ. என்றால் 36 இலை (ஒரு ரேக்கு ஓர் இலை), சேதாரத்தோடு 42. ஆக 25 இலைப் புத்தகம் இரண்டு வாங்க வேண்டும். உதிர்ந்த துணுக்குகளைக் கொட்டிவிடாதீர்கள், ஓட்டை அடைக்க அவைதான் உதவும்.

வண்ணம் உரிவதற்குக் காரணம், வழவழப்பான உலோகத்தில் எண்ணெய் பிடிக்க எதுவும் இல்லாததுதான். உருவத்தின் பென்சில் கோட்டைத் தாண்டி 1 செ.மீ. உள்ளே வரைக்கும் மட்டும் தங்கத்தைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். அப்படியானால் ஓரம் தவிர முகம் முழுவதும் ஜெஸ்ஸோவின் மேல்தான் இருக்கும். தங்கத்தின் மேல் ஏறும் அந்த ஓரத்துக்கும் பூக்களுக்கும், ரேக்கு ஒட்டி ஒரு வாரம் விட்டு, மெழுகு நீக்கிய ஷெல்லாக்கை (அரக்கு) ஸ்பிரிட்டில் நீர்க்கக் கலந்து ஒரே கோட் பூசிவிட்டு வரையுங்கள்.

மஞ்சள்மண்:
போலி ரேக்கு பற்றி ஒரு எச்சரிக்கை. அது பித்தளை, செம்பும் துத்தநாகமும். விரல் ஈரமும் காற்றின் ஈரமும் பட்டால் கறுக்கும், பச்சை பூக்கும். அதை வைத்துச் செய்வதானால் முகத்தைத் தொடும் முன்பே தங்கப் பரப்பு முழுவதையும் ஷெல்லாக்கால் மூடியே ஆக வேண்டும். கையுறை போட்டு ஒட்டுங்கள். அசல் 22–24 காரட்டுக்கு இந்தக் கவலை இல்லை.

தஞ்சாவூர் ரேக்கை இதில் சேர்க்க வேண்டாம். அது கனமானது, கத்தரியால் வெட்டி, பலகை மேல் மக்கு (சுண்ணப் பசை) எழுப்பிய இடத்தில் கோந்தால் ஒட்டுவதற்கானது. பலகை அசையாது. கித்தான் அசையும், கோந்து வெடிக்கும்.

கித்தான்காரி:
நன்றி ஐயா, இருவருக்கும். இதழோரக் கோட்டை எப்படிச் செய்வது? முகத்தில் ரேக்கு ஒட்டுவதை எப்படித் தடுப்பது?

ரேக்குவேலை:
பூக்கள் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய வேண்டும், இரண்டு மூன்று வாரம். குவினாக்ரிடோன் சிவப்பும் டைட்டானியம் வெள்ளையும் நிறைய இருந்தால் இன்னும் கூடும். பிறகு மெல்லிய துணி மூட்டையில் டால்க் பவுடர் கட்டிப் படம் முழுக்க லேசாகத் தட்டி, மென்தூரிகையால் துடைத்து எடுங்கள். முகத்தில் ரேக்கு ஒட்டாமல் காப்பது இதுதான்.

3 மணி நேர எண்ணெய்ப் பசையில் (பூசிச் சுமார் 3 மணி நேரத்தில் ஒட்டும் பதத்துக்கு வருவது) கடுகளவு மஞ்சள் ஓக்கர் எண்ணெய் வண்ணம் கலந்தால் கோடு கண்ணுக்குத் தெரியும். நீண்ட மயிர்த் தூரிகை, 1-ஆம் எண். தடிமனாக விட்டால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாகவே கிடக்கும், அதில் தங்கம் மூழ்கி மங்கிவிடும். விரல் முட்டியால் தொட்டு எடுக்கும்போது லேசாக 'டிக்' என்று பிடித்து விட வேண்டும், பசை விரலில் வரக்கூடாது. அப்போது ரேக்கை வையுங்கள்.

நிழலோவியன்:
பசையைவிடப் படத்தைக் கெடுப்பது வேறொன்று. தங்கத்துக்கு நிலையான டோன் (வெளிச்ச-இருள் அளவு) கிடையாது. விளக்கு நேரே அடித்தால் வெள்ளையைவிட வெளிச்சம், இரண்டடி நகர்ந்தால் பழுப்பு. கன்னத்தின் வெளிச்சப் பக்கம் ஒரு கோணத்தில் தங்கத்தோடு கரைந்துவிடும், இன்னொரு கோணத்தில் கத்தரித்து ஒட்டியது போல நிற்கும். எல்லாக் கோணத்திலும் நிற்க வேண்டுமானால் முக விளிம்பை நடுத்தர டோனில் வைத்து, அதை ஒட்டிய தங்கத்தில் பர்ன்ட் அம்பரை எண்ணெயில் நீர்த்து மெல்லிய கிளேஸ் (அடிநிறம் தெரியும் பூச்சு) கொடுங்கள். படம் தொங்கப்போகும் வெளிச்சத்திலேயே தோல் நிறத்தைக் கலக்குங்கள். தங்கத்தின் பக்கத்தில் தோல் சாம்பல் படிந்தது போல் தெரியும், அதற்குப் பயந்து ஆரஞ்சைக் கூட்டிவிடாதீர்கள்.

ஆஸ்திரிய ஓவியர் கிளிம்ட்டின் ‘முத்தம்’ ஓவியத்தை (1907–08, வியன்னா பெல்வெடேர் அருங்காட்சியகம்) இதற்காகவே பாருங்கள். முகங்களிலும் கைகளிலும் ஒளி-நிழல் உண்டு, ஆடைகள் தட்டையான தங்கம், காலடியில் பூந்தரை. 1903-இல் அவர் இத்தாலியின் ராவென்னாவில் பார்த்த மொசைக்குகளின் தாக்கம் அந்தத் தட்டைத்தன்மையில் இருக்கிறது. பூக்களுக்கு அமெரிக்க ஓவியர் கெஹிண்டே வைலியைப் பாருங்கள். அவர் வரைந்து 2018-இல் வந்த ஒபாமா உருவப்படத்தில் மல்லிகை ஹவாயையும் கிரிசாந்தமம் சிகாகோவையும் ஆப்பிரிக்க நீல லில்லி கென்யாவையும் குறிக்கின்றன. இலைகள் காலணியின் மேலும் ஏறி வருகின்றன. உங்கள் டேலியாவையும் அப்படியே தோள்-தங்கம் எல்லையின் மேல் ஏற்றிவிடுங்கள், வெட்டிய ஓரம் உடையும்.

செம்பருத்திக்கு அலிசரின் கிரிம்சன் (நிறமிக் குறியீடு பி.ஆர். 83) வேண்டாம், வெளிச்சத்தில் வெளுக்கும். குவினாக்ரிடோன் (பி.வி. 19), பைரோல் சிவப்பு (பி.ஆர். 254) போதும். வார்னிஷ் ஆறு மாதம் கழித்து, வண்ணப் பகுதிக்கு மட்டும். அசல் தங்கத்தின் மேல் பட்டால் பளபளப்பு இறங்கி மஞ்சள் பெயின்ட் போலாகிவிடும்.