கத்தி எஃகு ஒப்பீடு: சோதனை முறையில் சந்தேகம்

1095, டி2, எஸ்30வி என்ற மூன்று கத்தி எஃகு வகைகளில் எது அதிக நேரம் கூர் தாங்கும் என்று பார்க்க வேண்டும். மூன்றும் 60 எச்ஆர்சி (ராக்வெல் கடினத்தன்மை அளவு), விளிம்புக் கோணம் பக்கத்துக்கு 15 டிகிரி. மணிலா கயிற்றை மரப்பலகை மேல் வைத்து, கத்தி காகிதத்தைச் சீராக வெட்டாமல் கிழிக்கத் தொடங்கும் வரை எத்தனை முறை அறுக்கிறது என்று எண்ணுவதுதான் முறை.

இதில் சிக்கல் எஸ்30வி. அதிலுள்ள 4 சதவீத வனேடியம் உண்டாக்கும் கார்பைடு (எஃகுக்குள் இருக்கும் கடினத் துகள்), அலுமினியம் ஆக்சைடு தீட்டுக்கல்லைவிடக் கடினம். மூன்றையும் 1000 கிரிட் (துகள் நுண்மை அளவு) வைரத் தகட்டிலேயே தீட்டினால் ஒப்பீடு நியாயமாக இருக்குமா, 1095-க்கு விளிம்பு முரடாகிவிடுமா?

தீட்டும்போது விளிம்பில் உண்டாகும் மெல்லிய உலோகப் பிசிறு மிஞ்சினால் முதல் சில அறுப்பிலேயே மடங்கி, நல்ல எஃகும் மட்டமாகத் தெரியும் (டி2-வின் பிசிறு பிடிவாதம் தெரிந்ததே). பிசிறு முழுதும் போய்விட்டதை எப்படி உறுதி செய்கிறீர்கள்? தராசின் மேல் நூல் கட்டி, நூல் அறுபடும்போது தராசு காட்டும் கிராமை வைத்துக் கூர்மையை அளப்பவர்கள் எத்தனை அறுப்புக்கு ஒருமுறை அளக்கிறீர்கள்?