மரியோவில் ஒளிந்திருக்கும் லைஃப் வரவில்லை, அவசரம்

மாடிவீட்டுஅக்கா
எல்லோருக்கும் வணக்கம். மரியோவில் அந்த ஒளிந்திருக்கும் டப்பா எனக்கு மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. சரியான இடத்தில்தான் குதிக்கிறேன். என் மகன் குதித்தால் டப்பா முளைத்து, ஒரு லைஃப் தரும் பச்சைக் காளான் வெளியே வருகிறது. நான் குதித்தால் வெறும் காற்று. அதே மெஷின், அதே கேசட். ஞாயிற்றுக்கிழமை அவனோடு போட்டி. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

கேசட்காலம்
அக்கா, எந்த மரியோ? எந்த ஸ்டேஜ்? டிவி கேமா, மொபைலில் எமுலேட்டரா (பழைய ஆட்டத்தை ஓட்டும் ஆப்)?

தூத்துக்குடிக்காரன்
கேசட்டில் தூசி. அடியில் இருக்கும் பித்தளைக் கால்களை ரப்பர் வைத்து மெதுவாகத் தேய்த்துவிட்டுப் போடுங்கள். இந்த மாதிரி பாதி வருவதும் பாதி வராததும் காண்டாக்ட் பிரச்சினைதான். எங்கள் வீட்டு டிவி கேமில் மரியோவுக்குத் தலையே வராமல் இருந்தது, தேய்த்ததும் வந்துவிட்டது.

பச்சைமிளகாய்
நீங்கள் பெரிய மரியோவாக இருந்து முட்டுகிறீர்களோ? சின்ன மரியோவாக இருந்தால்தான் காளான் வரும், பெரிதாக இருந்தால் பூ வரும்.

கேசட்காலம்
அது கேள்விக்குறி டப்பாவுக்கு. பச்சைக் காளானுக்கும் மரியோவின் உயரத்துக்கும் சம்பந்தமே இல்லை.

எட்டுபிட்எழிலன்
இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்தாயிற்று. கேட்பதற்கு முன்னால் பழைய இழைகளைத் தேடும் பழக்கம் யாருக்கும் இல்லை. சரி, இன்னொரு முறை சொல்கிறேன். 1-1-ல், அதாவது முதல் உலகத்தின் முதல் ஸ்டேஜில், நாலாவது குழாயைத் தாண்டியதும், முதல் பள்ளத்துக்குச் சற்று முன்னால் ஒன்றுமில்லாத இடத்தில் குதிக்க வேண்டும். கீழிருந்து முட்டினால்தான் அது டப்பா. பக்கத்திலிருந்தோ மேலிருந்தோ போனால் ஊடுருவிப் போய்விடுவீர்கள். காளான் வந்ததும் வலப்பக்கமாக ஓடிப் பள்ளத்தில் விழும், அதற்குள் பிடிக்க வேண்டும். நாலாவது குழாய்க்குள் இறங்கினால் ஸ்டேஜின் கடைசிக்குப் பக்கத்தில் வெளியே வருவீர்கள். இந்த ஆட்டத்தில் திரை பின்னால் நகராது, ஆகவே டப்பாவும் போச்சு. நீங்கள் அந்தக் குழாய்க்குள்தான் இறங்கியிருப்பீர்கள்.

மாடிவீட்டுஅக்கா
1-1 இல்லை சார், 2-1. சொல்லவில்லையா? 1-1-ல் எனக்கு ஒழுங்காக வருகிறது. பழைய டிவி கேம் மெஷின், 9999 ஆட்டம் என்று மேலே எழுதியிருக்கும் கேசட்.

தூத்துக்குடிக்காரன்
9999 கேசட்டா! அப்படியென்றால் ஆட்டத்தையே வெட்டி ஒட்டியிருப்பான். நாலைந்து ஆட்டத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்டேஜிலிருந்தும் தொடங்குகிற மாதிரி செய்து பட்டியலை நீட்டிவிடுவார்கள். எனக்கு ஒரு கடையில் விற்ற கேசட்டில் எட்டு வெவ்வேறு பெயர்களில் மரியோ இருந்தது, எல்லாம் ஒன்றுதான்.

பச்சைமிளகாய்
அந்தக் கேசட்டுகளில் ஒன்றில் விஷக்காளான்கூட வந்தது. 1-1-லேயே. டப்பாவை முட்டினேன், காளான் வந்தது, சந்தோஷமாக ஓடிப் பிடித்தேன், மரியோ செத்துப்போனான். அதனால் அக்கா, வெளியே வருவதெல்லாம் நல்லது என்று நம்பாதீர்கள்.

எட்டுபிட்எழிலன்
அது வேறு ஆட்டம். 1985-ல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸில் விஷக்காளானே கிடையாது. 1986-ல் ஜப்பானில் மட்டும் வந்த இரண்டாம் பாகத்தில்தான் அது நுழைந்தது. அமெரிக்காவுக்கு அதை அப்போது அனுப்பவில்லை, 1993-ல் ஆல்ஸ்டார்ஸ் தொகுப்பில் லாஸ்ட் லெவல்ஸ் என்ற பெயரில்தான் போனது.

பச்சைமிளகாய்
பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதானே இருக்கும்? நான் சொன்னது பொய்யில்லை.

எட்டுபிட்எழிலன்
பொய் என்று யார் சொன்னது. தெரியாமல் பேசுவது வேறு, பொய் வேறு.

குழாய்க்குள்
எனக்கு அந்த இரண்டாம் பாகத்தின் மறைவு டப்பாக்கள்தான் பிடிக்காது. பள்ளத்தைத் தாண்டக் குதிக்கும்போது நடுவானில் தலை இடித்துக் கீழே விழுவான். ஒளித்து வைப்பது பரிசாக இருக்க வேண்டும், பொறியாக இருக்கக் கூடாது.

பச்சைமிளகாய்
அதுதான் அந்த ஆட்டத்தின் ருசியே. முதல் பாகத்தை மனப்பாடமாக ஆடியவனைத் திரும்பத் தடுமாற வைப்பதற்காகச் செய்தது. முட்டை ஓட்டில் நடக்கிற மாதிரி ஆட வேண்டும்.

குழாய்க்குள்
உங்களுக்கு ருசி, எனக்கு ஜாய்ஸ்டிக்கைச் சுவரில் எறியலாம் போலிருக்கும்.

கேசட்காலம்
அக்கா போட்டிக்குப் போக வேண்டும், நாம் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறோம். அக்கா, ஒன்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் 2-1-க்கு எந்த வழியாகப் போகிறீர்கள்? 1-3, 1-4 எல்லாம் ஆடி முடித்துத்தானே? மகனும் அப்படித்தானா?

மாடிவீட்டுஅக்கா
நான் எல்லாவற்றையும் ஆடித்தான் போவேன். அவனுக்கு 1-3 பிடிக்காது, அந்த நகரும் பலகையில் விழுந்துவிடுவான். அதனால் 1-2-ல் கூரைக்கு மேலே ஏறி ஓடிப்போய் 4, 3, 2 என்று போட்டிருக்கும் அறையில் கடைசிக் குழாயில் இறங்கி நேரே வந்துவிடுவான். இதற்கும் டப்பாவுக்கும் என்ன?

கேசட்காலம்
அங்கேதான் இருக்கிறது விஷயம். கேசட்டில் கோளாறு எதுவும் இல்லை, தூத்துக்குடி அண்ணே மன்னிக்கணும்.

அந்த டப்பா எப்போதும் இருக்கிற பொருள் இல்லை. ஆட்டத்தின் உள்ளே ஒரு குறி இருக்கிறது. குறி விழுந்திருந்தால் ஸ்டேஜை வரையும்போது டப்பாவை வைக்கும், இல்லாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடும். ஆட்டம் தொடங்கும்போதே குறி போட்டுத் தருவதால் 1-1-ல் எல்லோருக்கும் வருகிறது. ஒரு முறை டப்பாவை வைத்ததும் குறி அழிந்துவிடும், நீங்கள் முட்டினாலும் முட்டாவிட்டாலும். அதனால்தான் 1-1-ல் அந்த இடத்தைத் தாண்டிச் செத்துத் திரும்ப வந்தால் டப்பா இருக்காது.

மறுபடி குறி விழ இரண்டு வழி. ஒன்று, உங்கள் மகன் போகிற வழி: வார்ப் குழாயில் (வேறு உலகத்துக்கு நேரே தாவும் குழாய்) இறங்கினாலே போட்டுவிடும், எதுவும் கேட்காது. இன்னொன்று, ஒவ்வொரு உலகத்திலும் மூன்றாவது ஸ்டேஜில் போதுமான காயின் எடுப்பது. 1-3-ல் குறைந்தது 21 வேண்டும். காற்றில் தொங்குவதைத் தொட்டு எடுப்பதும் கணக்கு. டப்பாவை முட்டி வரும் காயினும் இந்தக் கணக்கில் ஏறும்.

1-3-க்குள் நுழையும்போது மேலே காயின் எண்ணைப் பாருங்கள், கொடிக்கம்பத்தில் இறங்கும்போது பாருங்கள். 100 ஆனால் ஒரு லைஃப் கொடுத்துவிட்டுப் பூஜ்யத்துக்குப் போய்விடும், அதையும் நினைவில் வையுங்கள். நடுவில் செத்துப் பாதியிலிருந்து தொடங்கினால் முன்னால் எடுத்ததெல்லாம் கணக்கில் இல்லை.

தூத்துக்குடிக்காரன்
இத்தனை வருஷம் இது தெரியாமல் ஆடியிருக்கிறேன். ஆனாலும் தேய்த்து வைப்பது நல்லது.

எட்டுபிட்எழிலன்
இதைத்தான் நான் சொல்ல வந்தேன். கூடுதலாக: 2-3-க்கு 35, 3-3-க்கு 22, 4-3-க்கு 27. 5-3 பார்க்க 1-3 மாதிரியே இருக்கும், குண்டு மட்டும் பறந்து வரும். ஆனால் அங்கே 21 போதாது, 23 வேண்டும்.

பச்சைமிளகாய்
சொல்ல வந்தவர் நாலாவது குழாயைப் பற்றி ஒரு பத்தி எழுதினாரே.

எட்டுபிட்எழிலன்
ஸ்டேஜ் எண் சொல்லாமல் கேட்டால் 1-1 என்றுதான் எடுத்துக்கொள்ள முடியும்.

குழாய்க்குள்
அக்கா, முயற்சி செய்தீர்களா?

மாடிவீட்டுஅக்கா
வந்துவிட்டது! பலகையிலிருந்து பலகைக்குத் தாவி மேல் வரிசைக் காயினை எடுப்பதுதான் கஷ்டம். அவனிடம் சொல்லவில்லை. நன்றி, சமையல் இருக்கிறது.

சுக்குக்காப்பி
இதே இழையில் கேட்கலாமா? 4-2-ல் கொடி முளைக்கும் செங்கல் எனக்கு எட்டவில்லை. அதில் ஏறினால் நேரே 8-ஆம் உலகத்துக்குப் போகலாம் என்கிறார்கள்.

கேசட்காலம்
போகலாம், 8, 7, 6 மூன்றும் அங்கே இருக்கும். அந்தச் செங்கலுக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லாத இடத்தில் குதித்துப் பாருங்கள், காயின் டப்பாக்கள் முளைக்கும். அவற்றின் மேல் ஏறி நின்று முட்டினால் எட்டும். இவை எப்போதும் இருக்கும், குறியெல்லாம் கிடையாது. ஆனால் தவறவிட்டு நேரே போனால் கடைசியில் இருக்கும் வார்ப் அறையில் 5-க்கு மட்டும்தான் குழாய்.

எட்டுபிட்எழிலன்
புதுக் கேள்விக்குப் புது இழை தொடங்குவது இங்கே வழக்கம்.