கேசியோப்பியா ஏ படத்தின் நிறங்கள் எதைக் காட்டுகின்றன?

கேள்வி (இரவுவானம்):
சந்திரா என்ற எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த கேசியோப்பியா ஏ என்ற சூப்பர்நோவா எச்சத்தின் (வெடித்த விண்மீனின் சிதறல்) படத்தைப் பார்த்ததிலிருந்து இரண்டு ஐயங்கள் தீரவில்லை. நம் பார்வைக் கணக்கில் அந்த விண்மீன் வெடித்து ஏறத்தாழ 350 ஆண்டுகள் ஆகின்றன. இவ்வளவு காலத்திற்குப் பிறகும் அந்த வளிமம் எக்ஸ் கதிர் உமிழும் அளவுக்குச் சூடாக இருப்பது எப்படி? எக்ஸ் கதிரோ கண்ணுக்குத் தெரியாதது. அப்படியிருக்க, படத்திலுள்ள சிவப்பும் பச்சையும் நீலமும் வெறும் ஒப்பனைதானா?

பதில் 1 (அலைமுகம்):
அது வெடித்தபோது இருந்த சூட்டின் மிச்சம் அன்று. சிதறிய பொருள் விரியும்போதே பெரும்பாலும் ஆறிவிடுகிறது. பின்னர், நொடிக்கு 5,000 கி.மீ. அளவிலான வேகத்தில் முன்னேறும் அதிர்வலை சுற்றுப்புற வளிமத்தை நெருக்கிக் கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடாக்குகிறது. அந்த மோதலில் வேகம் தணிந்த பொருளின்மீது பின்னால் வரும் சிதறல் முட்டுவதால் உள்நோக்கி ஓர் எதிர் அதிர்வலை உருவாகி, ஆறிக் கிடந்த விண்மீன் பொருளையே மீண்டும் சூடாக்குகிறது. இந்த வளிமத்தின் அடர்த்தி மிகக் குறைவு என்பதால், கதிர்வீச்சின் வழியே அது ஆறுவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும்.

பதில் 2 (ஃபோட்டான் கணக்கர்):
ஒவ்வோர் ஆற்றல் வரம்புக்கும் ஒரு நிறம் என்று நிறங்களைத் தேர்ந்தெடுப்பது நாம்தான். ஆனால் ஒப்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. சந்திராவின் சிசிடி உணரி (கேமராச் சில்லு) ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, ஒவ்வொன்றாகப் பதிவு செய்கிறது: வந்து விழுந்த இடம், நேரம், ஆற்றல். உணரியின் சிலிக்கானில் ஓர் எலக்ட்ரானை விடுவிக்கச் சராசரியாக 3.65 எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலின் ஓர் அலகு) தேவைப்படுகிறது. ஒரு ஃபோட்டான் சுமார் 510 எலக்ட்ரான்களை விடுவித்திருந்தால் அதன் ஆற்றல் 1.86 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அது எச்சத்திலுள்ள சிலிக்கான் அயனி உமிழும் நிறமாலைக் கோட்டுக்கு, அதாவது அத்தனிமத்துக்கே உரிய ஆற்றலுக்கு, உரியது. (சிலிக்கானைச் சிலிக்கானே எண்ணிச் சொல்வதில் எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி உண்டு.) கந்தகத்தின் கோடு 2.46 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டிலும் இரும்பின் கோடு 6.7-ஐ ஒட்டியும் விழும். இப்படிப் பிரித்து வரைந்தபோதுதான், விண்மீனின் ஆழத்தில் உருவாகியிருக்க வேண்டிய இரும்பு, கேசியோப்பியா ஏயின் தென்கிழக்கில் சிலிக்கானுக்கும் வெளியே கிடப்பது தெரிந்தது. வெடிப்பு அங்கே அடுக்குகளையே புரட்டிப் போட்டிருக்கிறது.

விளிம்பிலுள்ள மெல்லிய இழைகள் வேறு வகை. அவற்றின் நிறமாலையில் கோடுகள் ஏறக்குறைய இல்லை. காந்தப்புலத்தில் சுழலும் அதிவேக எலக்ட்ரான்களின் சின்க்ரோட்ரான் கதிர்வீச்சு அது. 1006-ஆம் ஆண்டு சூப்பர்நோவாவின் எச்சத்தில் ஜப்பானின் ஆஸ்கா செயற்கைக்கோள் இதை 1995-இல் காட்டியது. ஆகவே ஒரு படத்தில் நீலத்தைக் கண்டதும் ‘அதிகச் சூடு’ என்று படிப்பது தவறாகிவிடலாம். நிறமாலையைப் பார்க்காமல் முடிவு கட்ட வேண்டாம்.

இரவுவானம்:
நன்றி. அப்படியானால், எதிர் அதிர்வலை இன்னும் எட்டாத உட்பகுதிப் பொருள் எக்ஸ் கதிரில் தெரியவே தெரியாதா?

பதில் 3 (அலைமுகம்):
வெப்பத்தால் எழும் எக்ஸ் கதிரில் தெரியாது, கதிரியக்கத்தால் தெரியும். வெடிப்பில் உருவான டைட்டானியம்-44 என்ற கதிரியக்க அணு சிதையும்போது 68, 78 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவில் கோடுகள் எழுகின்றன. பொருள் சூடா, குளிரா என்பது அந்தச் சிதைவுக்குப் பொருட்டில்லை. சந்திராவின் ஆடிகள் இவ்வளவு உயர்ந்த ஆற்றலைக் குவிக்க மாட்டா என்பதால், 2012-இல் ஏவப்பட்ட நூஸ்டார் என்ற உயர் ஆற்றல் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிதான் இந்த வேலைக்கு உதவியது. டைட்டானியம்-44-இன் அரை ஆயுள் சுமார் 60 ஆண்டுகள் என்பதால், 350 ஆண்டுகளில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவாகவே எஞ்சியிருக்கும்; அந்த மிச்சத்தைக் கொண்டே நூஸ்டார் வரைந்த வரைபடத்தில், அது சீரான கோளமாக இல்லாமல் கட்டி கட்டியாக, பெரும்பாலும் எதிர் அதிர்வலைக்கு உள்ளேயே கிடந்தது. இரண்டும் விண்மீனின் ஆழத்தில் உருவாகுபவை என்றாலும், ஒளிரும் இரும்பின் படத்தோடு அது பொருந்தவில்லை. இரும்பில் ஒரு பகுதி இன்னும் சூடேறாமல் உள்ளே மறைந்திருப்பது இதற்கு ஒரு விளக்கமாக இருக்கலாம்.